கொழும்புக்கு அப்பால்: கடற்கரையா, பழைய நகரங்களா?

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கொழும்பில் மூன்று நாட்கள் தங்கிய பிறகு தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வெள்ளவத்தையில் உடுப்பு வாங்கியாயிற்று. காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டாயிற்று. போகவேண்டிய வீடுகளுக்கெல்லாம் போய்த் தேநீர் குடித்தாயிற்று. கையில் இன்னும் நான்கைந்து நாட்கள் மிஞ்சியிருக்கின்றன. அந்த நாட்களில் கடற்கரைக்குப் போவதா, உள்நாட்டிலுள்ள பழைய இராசதானிகளைப் பார்க்கப் போவதா?

பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்கள் இருந்தவனுக்கு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் இந்தக் கேள்வி என்னிடமும் வந்துசேர்கிறது. சுற்றுலா முகவர்கள் இதற்கென வைத்திருக்கும் பதில் மிகவும் சுலபமானது. களைப்பாற விரும்புபவர்களுக்குக் கடல். வரலாறு அறிய விரும்புபவர்களுக்கு அநுராதபுரம், பொலநறுவை, சீகிரியா. உடம்புக்கு ஒன்று, அறிவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் வீடுகளில் இந்தத் தெரிவு அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. கடற்கரை என்றதும் மூத்தவர்களின் மனதில் வருவது திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா. அங்கே கோணேசர் இருக்கிறார். வாய்விட்டுத் தமிழ் பேசலாம். உள்நாடு என்றதும் வருவதோ பாடப்புத்தகத்தில் படித்த எல்லாளன் – துட்டகைமுனு போரும், யாழ்தேவி அநுராதபுர நிலையத்தில் நின்றபோது குரலைத் தாழ்த்திக்கொண்ட ஞாபகமும்தான். கடல் நம்முடையது, உள்நாடு அவர்களுடையது என்ற பிரிவினை பயணப்பை கட்டும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. எவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் வாகனம் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் பொருந்தாதது என்பதை அறிய கொழும்பை விட்டுப் புறப்படவும் தேவையில்லை. 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒரு காலைப்பொழுது சென்றால் போதும். அங்கே நடராசரும் நாயன்மாரும் வெண்கலத்தில் நிற்கிறார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வந்தவர்கள் அல்லர். 1907, 1908ஆம் ஆண்டுகளில் பொலநறுவையில் நடந்த அகழ்வுகளின்போது, சிவாலயங்களின் மண்ணுக்குள்ளிருந்து வெளியே எடுக்கப்பட்டவர்கள். அதே நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு காலியில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டு திகதியிட்டுக் கொண்டுவந்த கல் அது. அதன் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கு அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகிறது. இன்று தெவிநுவர என்று அழைக்கப்படும் தென்கோடித் துறையே அந்தத் தேனாவரை. நாம் நமது என்று எண்ணாத உள்நாட்டிலிருந்து நடராசர் வந்திருக்கிறார்; நாம் நமது என்று எண்ணாத தென்கரையிலிருந்து தமிழ் எழுத்து வந்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகு எங்கே போவது என்று யோசிப்பது நல்லது.

கடந்த பெப்ரவரி மாதம் ரொறன்ரோவிலிருந்து என் பாடசாலை நண்பர் ஒருவர் மனைவியுடனும் மகளுடனும் வந்திருந்தார். 1984ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுச் சென்றவர். மகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, நீர்வழங்கல் துறையில் பொறியியலாளராகப் பணிபுரிகிறார். மிஞ்சியிருந்த ஐந்து நாட்களை எப்படிக் கழிப்பது என்பதில் தகப்பனுக்கும் மகளுக்கும் ஒத்துவரவில்லை. மகளுக்கு அநுராதபுரத்தின் குளங்களையும் வாய்க்கால்களையும் பார்க்கவேண்டும். பல்கலைக்கழகத்தில் அவற்றைப் பற்றிப் படித்திருக்கிறார். நண்பர் என் பக்கம் திரும்பினார்.

"ஐசே, அங்கை எங்களுக்கு என்ன கிடக்கு? செங்கலும் தாதுகோபமும்தானே. திருகோணமலைக்குப் போவம். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு நிலாவெளியிலை ரெண்டு நாள் கிடப்பம்."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1983 ஜூலை வன்செயலின்போது அவர் கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அகதி முகாமில் இருந்துவிட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு காங்கேசன்துறையில் இறங்கியவர். தரைவழி அன்று அவருக்கு மூடப்பட்டிருந்தது. கடல்தான் அவரை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய மனைவியின் தகப்பனாரோ பொலநறுவையில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்து, 1958ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தில் உயிர் தப்பி வந்தவர். அந்த வீட்டில் பொலநறுவை என்ற பெயரைச் சொல்லும்போது பராக்கிரமபாகு மன்னன் எவருக்கும் நினைவில் வருவதில்லை.

நான் தர்க்கம் பண்ணவில்லை. ஒருவர் மனதிலுள்ள அச்சத்தைக் கல்வெட்டுச் செய்திகளைச் சொல்லி நீக்கிவிட முடியாது என்பது தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடங்களில் ஒன்று. ஆனால் பருவக்காற்று எனக்குத் துணைக்கு வந்தது. கிழக்குக் கரைக்கு மழையைக் கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை அங்கே மழை. பெப்ரவரியிலும் கடல் முற்றாக அடங்கிவிடும் என்று நம்பமுடியாது. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு புரட்டாதி வரையிலான காலமே நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடலில் இறங்கிக் குளிப்பதற்கு உகந்தது. தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்கு நிலைமை நேர்மாறானது. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். கரையைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் நாட்காட்டியைப் பார்க்கவேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே நான் ஒரு சமரசத்தை முன்வைத்தேன். அநுராதபுரத்தில் இரண்டு இரவுகள். அங்கிருந்து மன்னாருக்குப் போய் இரண்டு இரவுகள். மன்னாரும் கடற்கரைதான், அங்கே திருக்கேதீச்சரம் இருக்கிறது. கேதீச்சரம் என்ற பெயரைக் கேட்டதும் நண்பர் சம்மதித்தார். அநுராதபுரத்தை அவர் வழியில் வரும் ஒரு தங்குமிடமாக மாத்திரம் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அநுராதபுரத்தில் முதல்நாள் காலையில் ஜேதவனாராமயத்துக்குப் போனோம். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் தொடங்கிய தாதுகோபம் அது. கட்டி முடிக்கப்பட்டபோது அதன் உயரம் ஏறத்தாழ 122 மீற்றர் என்று கணிக்கிறார்கள். அந்நாளைய உலகில் அதைவிட உயர்ந்து நின்ற கட்டடங்கள் எகிப்தின் பெரிய பிரமிட்டுகள் இரண்டுதான். அதற்குச் சென்ற செங்கற்கள் 9 கோடிக்கு மேல். இன்று உச்சி சரிந்து உயரம் குறைந்துவிட்டது. ஆயினும் அதன் அடியில் நிற்கும்போது கழுத்தை முழுதாக நிமிர்த்தித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

மகளுக்கு வேண்டியிருந்தது யோத எல என்ற வாய்க்கால். ஜய கங்கை என்றும் அதற்குப் பெயர். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் கலாவாவியிலிருந்து அநுராதபுரத்தின் திஸ்ஸவாவிக்கு நீர் கொண்டுவர வெட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 87 கிலோமீற்றர். அதன் முதல் 17 மைல் தூரத்தில் மைலுக்கு ஆறு அங்குலமளவே சரிவு இருக்கிறது என்று பொறியியலாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரிவை அக்காலத்தில் எந்தக் கருவியைக்கொண்டு பிடித்தார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். இன்றைய கருவிகளோடு வேலை செய்பவர் அவர். கரையில் குந்தியிருந்து அந்த நீரோட்டத்தை நெடுநேரம் பார்த்தார். நண்பர் வாகனத்தை விட்டு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் அபயகிரிப் பகுதியிலுள்ள ஒரு பாறைக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விடுவார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் பிராமி எழுத்தில் பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. தமிழ் இல்லத்தலைவர்கள் கூடுவதற்கான மேடையைச் சமணன் என்ற பெயருடைய தமிழன் ஒருவன் அமைத்ததாக அது கூறுகிறது. தமிழர் என்பதற்கு அதில் வரும் சொல் தமெட. கூடவே இன்னாருடைய இருக்கை, இன்னாருடைய இருக்கை என்று பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. அவ்வாறு இருக்கை பெற்றவர்களுள் ஒருவன் நாவிகன், அதாவது கப்பலோட்டி.

நண்பர் இங்கே இறங்கி வந்தார். நான் விளக்கிச் சொன்னதை மௌனமாகக் கேட்டார். கேள்வி கேட்டவர் மகள்தான்.

"மாமா, கடல் இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்? கப்பல்காரருக்கு இஞ்சை ஏன் கதிரை?"

நல்ல கேள்வி. ஒரு பத்திரிகை நிருபர் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான பதிலை மறுநாள் வழியில் காட்டுவதாகச் சொன்னேன்.

அன்றிரவு நாங்கள் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளருடன் பேசிக்கொண்டிருந்தேன். எழுபது வயதைக் கடந்த சிங்களவர். அநுராதபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய வயதையொத்த அநுராதபுரவாசிகளுக்கு 1985 மே 14ஆம் திகதி மறக்கமுடியாத நாள். தமிழ் ஆயுததாரிகள் நகருக்குள் புகுந்து பஸ் நிலையத்திலும் ஸ்ரீ மகா போதி வளாகத்திலும் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களின் தொகை 146 என்று பதிவாகியிருக்கிறது. அதைப்பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் மன்னாருக்குப் போகிறோம் என்று அறிந்ததும் அவர் சொன்னது வேறு. சிறுவயதில் அவர் பார்த்த முதற் கடல் மன்னார்க் கடல். தகப்பனாருடன் கருவாடு வாங்கப் போயிருந்தாராம். பிறகு போர் வந்தது. அவருடைய பிள்ளைகளுக்கு அவர் முதலில் காட்டிய கடல் நீர்கொழும்பில். "எங்களுக்குக் கிட்டிய கடல் மன்னார்தான். முப்பது வருடம் அது இல்லாமல் இருந்தோம்" என்றார்.

இதை நான் நண்பருக்குத் தமிழில் சொன்னபோது அவர் பதிலொன்றும் கூறவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் இருவரும் விடுதியின் முன்விறாந்தையில் அமர்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில், குளத்து மீன் சுவையானதா, கடல் மீன் சுவையானதா என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதவாச்சி வழியாக மன்னாருக்குப் புறப்பட்டோம். போரின் இறுதிக் காலத்தில் வடக்கு நோக்கிய புகையிரதங்கள் மதவாச்சியோடு நின்றுவிட்டன. அங்கிருந்த சோதனை நிலையத்தில் பொதிகளை இறக்கி ஏற்றி நின்ற சனத்தின் வரிசைகள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. இன்று அந்த இடத்தை வாகனம் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறது. மன்னார் மாவட்டத்துக்குள் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டோரமாக நிறுத்தினோம். இக்குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டார். அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துத் திருப்பிய வாய்க்காலிலிருந்து என்றேன். அருவியாறு எங்கிருந்து வருகிறது? அநுராதபுரத்திலிருந்து. நேற்றும் முந்தநாளும் நாங்கள் பாலத்தால் கடந்த மல்வத்து ஓயாதான் அது.

மேலே மல்வத்து ஓயா, கீழே அருவியாறு. அநுராதபுரத்தைத் தழுவிக்கொண்டு வடமேற்காக ஓடி, மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஒரே ஆறு. அந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே மாதோட்டம் இருக்கிறது. அநுராதபுர இராசதானியின் பெருந்துறைமுகம் மாதோட்டம்தான். மாந்தையில் 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வுகள் போரினால் நின்றுபோய், 2009ஆம் ஆண்டுக்குப் பிறகே மீண்டும் தொடர்ந்தன. சீன, பாரசீக மட்பாண்டத் துண்டுகள் அங்கே கிடைத்தன. கருகிய மிளகும், தூரகிழக்குத் தீவுகளிலிருந்து மாத்திரமே அக்காலத்தில் வந்திருக்கக்கூடிய கராம்பும் கிடைத்தன. பாறையில் இருக்கை பெற்ற அந்த நாவிகன் எந்தத் துறையிலிருந்து வந்தான் என்று கல்வெட்டு கூறவில்லை. ஆனால் உள்நாட்டுத் தலைநகரில் ஒரு கப்பலோட்டிக்கு ஏன் இருக்கை இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள மாதோட்டத்தில் ஒருதரம் நின்று பார்த்தால் போதும். கப்பல் கொண்டுவந்ததை நகரம் வாங்கியது. நகரத்தின் குளங்கள் விளைவித்த நெல்லில்தான் துறைமுகமும் பசியாறியிருக்கவேண்டும். ஒன்றில்லாமல் மற்றதைக் கற்பனை செய்வது கடினம்.

நண்பர் திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் கால் நனைத்து, மனமுருகிக் கும்பிட்டார். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, போர்க்காலத்தில் பூசைகள் தடைப்பட்டு, கருங்கல்லில் திரும்பவும் கட்டப்பட்டு 2022இல் குடமுழுக்குக் கண்ட கோவில். மறுநாள் வங்காலையூடாக அரிப்புக்குப் போனோம். வங்காலைக் கடனீரேரியில் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக நின்றன. ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அரிப்புக் கரையில் கடலரிப்பினால் இடிந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கிட்டே அருவியாற்றுப் பாலத்தில் வாகனத்தை நிறுத்தச் சொன்னவர் நண்பரின் மனைவி. பயணம் முழுவதும் அதிகம் பேசாதிருந்தவர் அவர்.

"மல்வத்து எண்டால் என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

பூந்தோட்டம் என்றேன்.

"அங்கை பூ, இஞ்சை அருவி. ரெண்டும் நல்ல பேர்தான்" என்றார்.

நண்பரின் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டுத் தொல்பொருள்கள் முழுவதும் ஓர் இனத்துக்கு மாத்திரம் உரியவை என்று காட்டும் முயற்சிகள் இந்நாட்டில் புதியவையல்ல. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அம்மாகாணத்துக்கான அச்செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அதை எதிர்ப்பது நியாயம். ஆனால் நாங்களும் எங்கள் பங்குக்கு உள்நாட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் போய்க் கிடந்தோமானால், அந்தச் செயலணி செய்ய விரும்பியதை நாங்களே செய்து முடித்தவர்களாவோம். இதன் மறுபக்கமும் உண்டு. பார்க்கும் கல்லெல்லாம் நமது கல் என்று கொண்டாடப் புறப்படுவதும் அதே நோயின் வேறொரு வடிவந்தான். அபயகிரிப் பாறை தமிழர்களைப் பற்றிப் பேசுகிறது. பேசும் மொழி பிராகிருதம். நிற்கும் இடம் ஒரு பௌத்த விகாரையின் அயல். இதில் எந்தப் பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் விளங்காமல் போய்விடும்.

மன்னாரில் சுற்றுலா விடுதிகள் நிறைந்த கடற்கரை இல்லை. நீந்திக் களிக்க விரும்புபவர்களுக்கு நான் கூறும் இரண்டாவது வழி பொலநறுவை – திருகோணமலை. இங்கேயும் ஓர் ஆறு வழிகாட்டுகிறது. நாட்டின் மிக நீளமான ஆறாகிய மகாவலி கங்கை, 335 கிலோமீற்றர் ஓடி, பொலநறுவைக்குக் கிழக்கால் கடந்து, திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக்குடாவில் கடலோடு சேர்கிறது.

993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படைகள் அநுராதபுரத்தைக் கைப்பற்றின. சோழர் தங்கள் ஆட்சிக்குத் தெரிந்தெடுத்த தலைநகரம் பொலநறுவை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் சனநாத மங்கலம். அங்கே இரண்டாம் சிவாலயம் என்று இலக்கமிடப்பட்டிருக்கும் சிறிய கற்கோவிலின் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈச்சரம். இராசேந்திரனின் தாயாரின் பெயரைத் தாங்கியது. 1070ஆம் ஆண்டு முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். வெளியேற்றியவன் அக்கோவிலை இடிக்கவில்லை. சற்றுத் தூரத்தில், புனித தந்தம் வைக்கப்பட்டிருந்த முற்றத்தில், நெடுங்கல் ஒன்றில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. விஜயபாகு கட்டுவித்த தந்த ஆலயத்தைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படையினரான வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதை அது கூறுகிறது. ஊருக்கு மேற்கே பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பெருப்பித்த குளம். அதற்கு அவன் வைத்த பெயர் சமுத்திரம். மாலையில் அதன் அணைக்கட்டில் நின்று காற்று வாங்குபவர்களுக்கு அந்தப் பெயரில் மிகை இருப்பதாகத் தோன்றாது.

அங்கிருந்து ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் போகும் பாதையில் கந்தளாய் வருகிறது. அதன் அயலில் பளமோட்டையில் கிடைத்த கல்வெட்டு, விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் கணவனின் நினைவாகப் பிராமணப் பெண்ணொருத்தி சிவாலயத்துக்கு வழங்கிய தானத்தைத் தமிழில் கூறுகிறது. அந்தச் சிவாலயத்தின் பெயர் விஜயராச ஈச்சரம். சோழரைத் துரத்திய மன்னனின் பெயரால் அழைக்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு கோணேசர் மலையில் ஏறுபவருக்கு அந்தக் கோவிலும் வேறுவிதமாகத் தெரியும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதை இடித்து, கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினார்கள். 1956ஆம் ஆண்டு ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்த மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோவிலின் தூண்களைக் கண்டார்கள். அதன்பின் நிலாவெளியில் இரண்டு நாள் கிடந்தால் எவரும் குறை சொல்லப்போவதில்லை.

பயணம் செய்பவர்களுக்குச் சில குறிப்புகள். சித்திரை முதல் புரட்டாதி வரை வருபவர்கள் பொலநறுவை – திருகோணமலை வழியையும், தை மாசியில் வருபவர்கள் அநுராதபுரம் – மன்னார் வழியையும் தெரிந்தெடுக்கலாம். பழைய நகரங்களைக் காலை பத்து மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் பார்ப்பதே உடம்புக்கு நல்லது. விகாரைகளில் பாதணி கழற்றவேண்டும்; மத்தியான வெயிலில் கல் கொதிக்கும்; காலுறை அணிந்து செல்லலாம். தோளும் முழங்காலும் மறைய உடுத்தவேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நுழைவுக் கட்டணம் டொலரில் வேறாக இருக்கிறது. இங்கே பிறந்தவர் என்று வாதாடிப் பயனில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடைப்பட்ட காட்டுப்பாதையைப் பொழுதுபடுவதற்கு முன் கடந்துவிடுங்கள். இருட்டிய பின் அந்தப் பாதை யானைகளுக்குரியது.

நண்பர் ரொறன்ரோ போய்ச் சேர்ந்து இரண்டு வாரங்களின் பின் தொலைபேசியில் பேசினார். மகள் அடுத்த ஆண்டு ஆடி மாதம் தனியாக வந்து பொலநறுவை பார்க்கப்போகிறாராம். தானும் கூட வருவதற்கு யோசிப்பதாகச் சொன்னார். ஆனால் முடிவில் நிலாவெளி இருக்கவேண்டும் என்று நிபந்தனை. மனைவி மாத்திரம் இன்னும் மனம் ஒப்பவில்லை. பொலநறுவை என்றதும் தகப்பனாரின் முகந்தான் வருகிறது என்கிறாராம்.

அவரை அவசரப்படுத்த வேண்டாம் என்றேன். வேளைக்காரரின் கல் ஏறத்தாழ 900 வருடங்களாக அந்த முற்றத்திலேயே நிற்கிறது. அவருக்கு மனம் வரும்போது போய்ப் பார்க்கலாம்.